சாமிக்குல்லா

பலவேசத்துக்கு வலது தோள்பட்டை வலித்தது. வலி அவனுக்குப் புதிதில்லை. மீசை முளைக்கும் முன்னாலிருந்தே செங்கல் சூளையில் மண் மிதித்தவன். பச்சைக்கல் சுமந்து சுமந்து கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் காய்த்துப்போன தோல், பட்டாளத்தில் சேர்ந்து இத்தனை வருடமாகியும் இளகவில்லை. சுமை வலி படுத்தால் அடங்கும், வெந்நீர் ஊற்றினால் இறங்கும். இது அந்த வகை இல்லை. யாரோ உள்ளங்கையை வைத்து, அமுக்கவும் செய்யாமல், எடுக்கவும் செய்யாமல் சும்மா வைத்திருப்பதுபோல் இருந்தது.

பசியும் இருந்தது. தட்டில் சோறு இருந்தது. வாய்க்குத்தான் போகவில்லை.

மலைமுகாமின் ஆஸ்பத்திரி ஒரு நீளமான தகரக் கொட்டகை. நடுவில் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்தது. கூரையில் பனி பாரமாக உட்கார்ந்திருந்தது. அவ்வப்போது ஒரு பாளம் சரிந்து விழும். அந்தச் சத்தத்துக்குக் கட்டில்களில் கிடந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திடுக்கிடுவார்கள்.

மேஜர் ஜெபசெல்வி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாகர்கோவில் பக்கத்துக்காரி. காயத்துக்கு மருந்து போடும் டாக்டர் மட்டுமல்ல. மலையேறுபவர்களின் குல்லாக்களும் அவள் பொறுப்பில்தான் இருந்தன.

"ஏன் சாப்பிடல்ல?"

"முடியல மேடம்."

"குமட்டுதா?"

"இல்ல. பசிக்கத்தான் செய்யுது."

"பின்ன?"

பலவேசம் சுவரைப் பார்த்தான். "பின்னால ஒருத்தன் நிக்கான். அவன் ஒண்ணும் சாப்பிடல. அவன வச்சுக்கிட்டு நான் எப்படித் திங்க?"

அவள் அவன் முதுகுக்குப் பின்னால் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்கச் சிரமப்பட்டது போலிருந்தது.

"குல்லா போட்டிருக்கும்போது மட்டுமா, கழற்றின பிறகுமா?"

"கழத்தினாலும் இருக்கான். கொஞ்சம் தள்ளி நிக்கான், அவ்வளவுதான்."

அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் 'துணை'. காதை மூடும் கம்பளிக் குல்லா மாதிரிதான் இருக்கும்; உள்பக்கம் நெற்றிப்பொட்டை ஒட்டிச் சின்னச் சின்னத் தகடுகள். சிப்பாய்கள் அதைச் சாமிக்குல்லா என்றார்கள். அந்த உயரத்தில் மனித நெஞ்சு தானாக வேலை செய்யாது. செங்குத்தான ஐஸ் சுவர், மூச்சு முட்டும் காற்று, மேலே துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் எதிரி. குல்லா இல்லாமல் ஏறிய ஒருவன் பாதிச் சுவரில் ஒட்டிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டு அழுததைப் பட்டாளமே பார்த்திருக்கிறது. குல்லா போட்டால் பக்கத்தில் சாமி வந்து நிற்கும். அவரவர் சாமி. சீக்கியனுக்கு அவன் குரு, மணப்பாட்டு ரொட்ரிகோவுக்கு மாதா, பலவேசத்துக்கு அவன் குலசாமி. ஆயுதபூஜை அன்று குல்லாக்கள் வந்து இறங்கின. பட்டாளத்தின் ஓதுவார் சட்டநாதன் ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்தார். பாதிரியார் தண்ணீர் தெளித்தார். மௌலவி கை உயர்த்தித் துஆ செய்தார். யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

முதல் தடவை போட்டபோது பலவேசத்துக்கு முதுகுக்குப் பின்னால் சுருட்டு வாசனை வந்தது. இரும்பு உரசும் சத்தம் கேட்டது. திரும்பாமலேயே தெரிந்துவிட்டது. பொலபொலவென்று அழுதான். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் அவன் மேல் ஒருநாளும் இறங்காத சாமி, எங்கேயோ பனிக்காட்டில் தேடி வந்துவிட்டதே என்று.

"மொத காவல்சாவடியைப் பிடிச்ச அன்னிக்கு என்ன நடந்ததுன்னு முழுசாச் சொல்லுங்க" என்றாள் ஜெபசெல்வி. "அறிக்கைல எழுதினது எனக்கு வேண்டாம்."

"ஐஸ் வெடிப்பு வழியா நான்தான் முதல்ல ஏறினேன். மேல போனா ஒரு ஆளு. மண்ணெண்ணெய் டின்ன வச்சுப் பனி அள்ளிக்கிட்டு இருந்தான். டீ போட உருக்குவாங்கள்லா, அதுக்கு. கையில ஆயுதம் இல்ல. என்னப் பாத்ததும் ரெண்டு கையயும் தூக்கிட்டான். டின்னோட தூக்கினான். அந்தப் பனி அவன் தலையிலயே கொட்டுச்சு." பலவேசம் தட்டைத் தள்ளிவைத்தான். "எனக்குத் தெரிஞ்சுது மேடம். சரணடையுதான்னு தெரிஞ்சுது. பின்னால சாமி நிக்கும்போது எல்லாம் சரின்னு இருந்துச்சு. சுட்டா சத்தம் கேக்கும்னு கத்தியால குத்தினேன். கை ஒரு நடுக்கம் நடுங்கல."

"அப்புறம்?"

"மறுதடவ குல்லா போட்டேன். சுருட்டு வாசனை வரல. மண்ணெண்ணெய் வாசனை வந்துச்சு."

ஜெபசெல்வி கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"உங்க குலசாமி எப்படிச் சாமியாச்சு?"

"மேடத்துக்குத் தெரியாததா? வாய்க்கா தண்ணித் தகராறு. எங்க வகையறாக்காரங்களே பேச்சுவார்த்தைக்குன்னு கூட்டிட்டுப் போயி வெட்டிப்போட்டாங்க. அதுக்கப்புறம் வீட்டுக்கு வீடு சாவு. குறி கேட்டதுல அவந்தான் நிக்கான்னு சொன்னாங்க. பீடம் போட்டுக் கும்பிட்டோம். அன்னையிலருந்து எங்களுக்கு அவருதான் காவல்."

"கொன்னவங்கதான் கும்பிடணும்."

"ஆமா. வேற யாரு கும்பிடுவா?"

அவள் மெல்லச் சொன்னாள்: "எங்க குடும்பமும் வேதத்துக்கு வருமுன்ன ஒரு பெண்ணைக் கும்பிட்டதாக்கும். வயித்துப் பிள்ளையோட கொன்னுருக்காங்க. கொன்னது எங்க ஆளுங்க. சர்ச்சுக்குப் போனபிறகு அந்தப் பேச்சே வீட்டுல கிடையாது." அடுப்பின் திரியைக் குறைத்தாள். "குல்லா செய்யும்போது டெல்லியில என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க, தெக்கத்தி சிப்பாய்ங்க சாமி எப்படிப்பட்ட சாமின்னு. காவல் தெய்வம், கையில அரிவாள், எதுக்கும் அஞ்சாதுன்னு சொன்னேன். ரொம்பச் சந்தோஷப்பட்டாங்க. அந்தச் சாமி எல்லாம் அநியாயமாச் செத்த மனுசங்க, கொன்னவன்தான் பூசை போடுவான்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்தது. சொல்லல்ல."

"சொல்லியிருந்தா?"

"நமக்குக் குல்லா குடுத்திருக்க மாட்டாங்க." அவள் தன் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினாள். "குல்லாவுக்குள்ள சாமி கிடையாது, பலவேசம். மூளையில ஒரு இடம் இருக்கு. அங்க லேசாத் தட்டிக்கொடுத்தா, பக்கத்துல ஆள் நிக்கிற மாதிரி இருக்கும். அந்த ஆள் யாருன்னு மிஷினுக்குத் தெரியாது. அதை நீங்கதான் முடிவு பண்ணுதீங்க."

"அப்ப இவன நானா கூப்பிட்டேன்?"

"நீங்கதான்."

பலவேசம் தலையாட்டினான். அது அவனுக்குப் பெரிய செய்தியாகத் தெரியவில்லை. "கூப்பிட்டவன் சோறு போடணும்லா" என்றான்.

அவள் வந்த காரியம் வேறு. ரெண்டாவது காவல்சாவடி முகட்டின் பின்பக்கம் இருக்கிறது. நாளை விடியும்போது அதைப் பிடிக்கவேண்டும் என்று கர்னல் சொல்லிவிட்டார். ஐஸ் வெடிப்பின் வழி தெரிந்தவன் பலவேசம் ஒருத்தன்தான். அவன் போகவில்லை என்றால் ரொட்ரிகோ கூட்டிப்போவான். ரொட்ரிகோ அந்த வழியில் ஒரு தடவை, அதுவும் இன்னொருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறியவன்.

"உங்களை அனுப்பலாமா வேண்டாமான்னு நான் எழுதணும்" என்றாள். "ஒரு ஊசி இருக்கு. போட்டா அந்த இடம் மரத்துப்போகும். பின்னால நிக்கிறவன் போயிருவான். ஆனா அதுக்கப்புறம் எவனும் வரமாட்டான். உங்க குலசாமியும் வராது. ஊர்ல கொட்டு அடிச்சாலும் உங்களுக்கு வெறும் தோல் சத்தம்தான்."

"ஊசி போட்டா குல்லா வேலை செய்யுமா?"

"செய்யாது. அதனால மலையேறவும் முடியாது. வீட்டுக்கு அனுப்பிருவாங்க. உயிரோட."

"மத்த பயலுக?"

அவள் கையுறையை எடுத்து மாட்டத் தொடங்கினாள்.

"இவனோடயே போறேன் மேடம்."

"அவன் உங்களைக் கொல்ல நினைச்சா? அவன் உங்க தலைக்குள்ளாக்கும் இருக்கான். சுவர்ல கால் வைக்கும்போது ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"அதான் பட்டினி போடக்கூடாதுங்கேன்."

சாயங்காலம் ஓதுவார் சட்டநாதன் வந்தார். சீர்காழிக்காரர், குரல் ஒன்றுக்காகவே அவரைப் பட்டாளம் வைத்திருந்தது. கூடவே ரொட்ரிகோ, காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, மூக்கு சிவந்து வந்தான்.

"மக்கா, ஒனக்கு ஆள் சேர்ந்துட்டானாமே" என்றான். "என்ன பாஷையில பேசுதான்?"

"பேசலலே. சும்மா நிக்கான்."

"தப்பிச்சோம். பேசினா மொழிபெயர்க்க ஆள் கேக்கணும். அதுக்கு டெல்லிக்கு எழுதணும். பதில் வாரதுக்குள்ள சண்டை முடிஞ்சிரும்."

ஓதுவார் சிரிக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "டாக்டரம்மா சொன்னாங்க. நான் என்னய்யா செய்யணும்?"

"ஒரு படையல் போடணும் சார். அவனுக்கு."

"எதிரிக்கா?"

"செத்துட்டான்லா. இனிமே என்ன எதிரி?"

ஓதுவார் குளிருக்குக் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "எனக்குத் தேவாரம் தெரியும். திருவாசகம் தெரியும். இதுக்குப் பாட்டு எதுவும் எனக்குச் சொல்லித்தரலை. நான் செய்யக்கூடியது உங்களுக்குக் குங்குமம் வைக்கிறது, சாமி உங்க பக்கம்னு சொல்றது. அந்தப் பக்கமும் என்னை மாதிரி ஒருத்தன் சம்பளம் வாங்கிக்கிட்டு அதையேதான் சொல்லியிருப்பான். தெரிஞ்சுதான் சொன்னேன். சொல்லலைன்னா நீங்க ஏறமாட்டீங்க; ஏறலைன்னா அடுத்த பட்டாளத்தை ஏத்துவாங்க."

"சார் இன்னிக்கு உண்மை பேசுதாரு" என்றான் ரொட்ரிகோ. "ஒடம்பு சரியில்ல போல."

"போடா" என்றார் ஓதுவார். பிறகு, "அவன் பேர் என்ன?" என்று கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை.

பேர் இல்லாமலே போட்டார்கள். சோறு, பிஸ்கட், உலர்ந்த திராட்சை. ரொட்ரிகோ ஆட்டுக்கறி டின் ஒன்றை எடுத்தான். ஓதுவார் முகத்தைத் திருப்பி, "நான் சைவம்யா" என்றார்.

"படைக்கிறது ஒமக்கா சார், அவனுக்கா?"

ஓதுவார் ஒரு கணம் யோசித்துவிட்டு, டின்னைத் தானே வாங்கித் தட்டில் கவிழ்த்தார். மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்தார். பாடவில்லை. அடுப்புக்குள் திரி எரியும் சத்தம் மட்டும் கேட்டது. கொட்டகை வாசலில் ஜெபசெல்வி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்; உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பலவேசம் தன் தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட ஆரம்பித்தான். கடகடவென்று சாப்பிட்டான். ரொட்ரிகோ தன் பங்கையும் அவன் தட்டில் தள்ளினான். பலவேசம் போகலாம் என்று ஜெபசெல்வி எழுதிக் கொடுத்தாள்.

விடியும் முன்னால் ஏறத் தொடங்கியவர்கள், கிழக்கே சாம்பல் நிறம் கட்டும்போது ஐஸ் வெடிப்பைத் தாண்டியிருந்தார்கள். பலவேசம் முன்னால், அடுத்து ரொட்ரிகோ, அப்புறம் மற்றவர்கள், கடைசியில் வெள்ளத்துரை. வெள்ளத்துரை மேலூர்க்காரன், கல்லுடைக்கிற கை. முன்னணிக்கு இப்போதுதான் வந்திருந்தான். அதுவரை யாரையும் கொன்றதில்லை.

பலவேசம் குல்லா போட்டதும் செத்தவன் வந்துவிட்டான். பின்னால் நிற்கவில்லை. முன்னால் போனான். கண்ணுக்குத் தெரிந்தான் என்று சொல்ல முடியாது. இருட்டில் வீட்டுக்குள் ஒரு ஆள் நடந்தால் எந்தப் பக்கம் போகிறார் என்று தெரியுமே, அப்படித் தெரிந்தது. கையில் காலி டின். அது முழங்காலில் தட்டும் சத்தம். அவன் அங்கே எத்தனையோ மாதம் பனி அள்ளியவன். எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்று தெரிந்தவன் போல் போனான். அதெல்லாம் தன் கண்ணே பார்த்துத் தன் மூளையே சொல்வது என்று ஜெபசெல்வி சொல்லியிருப்பாள். இருக்கட்டும். பலவேசம் அவன் வைத்த இடத்தில் கால் வைத்தான்.

முகட்டில் ஏறியதும் டின் சத்தம் நின்றது.

பலவேசமும் நின்றான். பின்னால் வருபவன் வந்து முட்டவில்லையே என்று திரும்பிப் பார்த்தான். ரொட்ரிகோவும் நின்றிருந்தான்.

"நீ ஏம்லே நின்ன?" பலவேசம் கிசுகிசுத்தான்.

"நீ ஏன் நின்ன?"

"எனக்கு முன்னால போறவன் நின்னுட்டான்."

ரொட்ரிகோ வாய்க்குள்ளேயே எதையோ மென்றான். "எனக்கும்."

"மாதாவா?"

"இல்ல மக்கா." அவன் பனிக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டான். கண் ஈரமாக இருந்தது, காற்றாகவும் இருக்கலாம். "மாதா வந்து ரொம்ப நாளாச்சு. மொத சாவடியில பதுங்குகுழிக்குள்ள எறிகுண்டு போட்டேன்லா. அன்னையிலருந்து வேற ஆளு. ஒருத்தன் இல்ல, ரெண்டு பேரு. தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்கானுவ. சொன்னா பைத்தியம்னு எழுதிருவாங்கன்னு சொல்லல. ஒங்க ஊர்லயாவது அதுக்கு ஒரு பேரு இருக்கு, பீடம் இருக்கு. நான் எந்தக் கோயில்ல போய்ச் சொல்ல?"

அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்களும் நின்றிருந்தார்கள். யாரும் ஏன் நின்றோம் என்று கேட்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்தார்கள், உடனே பார்வையை விலக்கிக்கொண்டார்கள். தெக்கத்தி ஆட்களுக்கு மட்டும் வந்த கோளாறு என்று ஜெபசெல்வி நினைத்திருந்தாள். அந்தக் கயிற்றில் வங்காளத்துக்காரன் இருந்தான், பஞ்சாபி இருந்தான். கொன்ற கை எல்லாம் நின்றிருந்தது.

வெள்ளத்துரை மட்டும் கடைசியிலிருந்து முன்னால் வந்து கயிற்றை இழுத்தான். "போலாம்ணே" என்றான். முகம் பளபளவென்று இருந்தது. "அய்யனார் முன்னாடி போறாருண்ணே. குதிரைக் குளம்புச் சத்தம் உங்களுக்குக் கேக்கலையா?"

அவர்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் சாவடி கீழே தெரிந்தது. கல் அடுக்கிய சுவர், தார்ப்பாய்க் கூரை, ஒரு புகைக்குழாய். வெளிச்சம் வந்துவிட்டால் அங்கிருந்து இவர்களும் தெரிவார்கள். சுவருக்குப் பின்னால் இயந்திரத் துப்பாக்கி இருக்கும். ஒளிய ஒரு கல்லும் இல்லாத முகடு. திரும்பி ஐஸ் வெடிப்புக்குப் போக நேரமில்லை.

பலவேசம் உதடு அசையாமல் பேசினான். குல்லாக்காரர்கள் சொல்லிக்கொடுத்த வாசகம் எதுவும் இல்லை. கொடையில் சாமியிடம் பேசுவார்களே, அந்தப் பேச்சு.

"ஏ அய்யா. செஞ்சது தப்பு. நீ கையத் தூக்கினத பாத்துட்டுத்தான் செஞ்சேன். கீழ இருக்கிறது ஒன் ஆளுக. இங்க இருக்கிறது என் ஆளுக. என் ஆளுகள முழுசா கீழ எறக்கிவிட்டுரு. ஒன் ஆளுக மேல ஒரு சிராய்ப்பு படாது, அதுக்கு நான் பொறுப்பு. ஊருக்குப் போனதும் ஒனக்குப் பீடம் போடுதேன். ஒன் பேரு சொல்லிக் கூப்பிடுதேன். வருசந்தோறும் சோறு போடுதேன், சூடா டீ வைக்கேன். நீ போடப்போன டீய நான் குடிக்கவிடல. அத நான் குடுக்கேன்."

பதில் எதுவும் வரவில்லை. டின் சத்தமும் வரவில்லை.

சாவடியின் தார்ப்பாய் விலகியது. ஒருவன் வெளியே வந்தான். கையில் மண்ணெண்ணெய் டின். வேறு ஆள், கட்டையானவன், தாடிக்காரன். கொட்டாவி விட்டுக்கொண்டே குனிந்து பனி அள்ளத் தொடங்கினான்.

வெள்ளத்துரையின் துப்பாக்கி தோளுக்கு ஏறியது. அவசரம் இல்லாத கை. அவன் முகத்தில் வெறுப்போ பயமோ இல்லை. கோயில் சன்னதியில் நிற்பவனின் முகம். அன்றைக்குத் தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று பலவேசத்துக்குத் தோன்றியது. "சுடாதல" என்றான். வெள்ளத்துரைக்குக் கேட்கவில்லை. அவனுக்கு அய்யனார் சொல்வதுதான் கேட்டது.

பலவேசம் பாய்ந்து அவன் தலையிலிருந்த குல்லாவைப் பிடுங்கினான்.

வெள்ளத்துரை தூக்கத்திலிருந்து எழுப்பிய பிள்ளைபோல் விழித்தான். சுற்றிலும் பார்த்தான். எத்தனை உயரத்தில் நிற்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. அப்படியே பனியில் உட்கார்ந்தான். பல் கிட்டியது. "அண்ணே, அண்ணே" என்று பலவேசத்தின் காலைக் கட்டிக்கொண்டான். ரொட்ரிகோ துப்பாக்கியை மெதுவாக அவன் கையிலிருந்து எடுத்தான்.

கீழே தாடிக்காரன் நிமிர்ந்து பார்த்தான்.

பலவேசம் தன் துப்பாக்கியைப் பனியில் வைத்தான். எழுந்து, கையை விரித்து, மலையின் மறுபக்கச் சரிவைக் காட்டினான். போ என்பதற்கு எல்லா ஊரிலும் அதுதான். தாடிக்காரன் அசையாமல் நின்றான். அவன் தலையிலும் அதே மாதிரிக் குல்லா இருந்தது. நிறம் மட்டும் வேறு. அவன் பலவேசத்தைப் பார்க்கவில்லை. பலவேசத்துக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத இடத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். டின்னைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனான்.

சாவடிக்காரர்கள் வரிசையாக மறுபக்கச் சரிவில் இறங்கிப் போனபோது வெயில் வந்துவிட்டது. எவனும் திரும்பிச் சுடவில்லை. இவர்களும் சுடவில்லை. சாவடிக்குள் போனபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

கர்னல் வெற்றிச் செய்தியில் 'துணை'யைப் பாராட்டி எழுதினார். ஒரு உயிர்ச்சேதமும் இல்லாமல் பிடித்த சாவடி என்று டெல்லியில் பேசிக்கொண்டார்கள். ஜெபசெல்வி நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினாள். கொன்றவனுக்குக் குல்லா வேலை செய்வதில்லை, கொல்லப்பட்டவனே வருகிறான், இது எல்லாருக்கும் பொது என்று எழுதினாள். இதோடு குல்லாவை மூட்டை கட்டிவிடுவார்கள் என்று அவள் நம்பினாள்.

டெல்லிக்காரர்கள் வேறு முடிவு செய்தார்கள். கொன்றவனிடமிருந்து குல்லாவை வாங்கிவிட வேண்டியது. புதியவனுக்குக் கொடுக்க வேண்டியது. அவன் ஒரு தடவை கொன்றபின் அவனுக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்தவனை எடுக்க வேண்டியது.

பலவேசம் ஊசியை மறுத்துவிட்டான். அதனால் அவனுக்குச் சலுகை எதுவும் இல்லை; வெறும் கையோடு அனுப்பினார்கள். அடுத்த கோடைக்குள் சமாதானம் வந்தது. எல்லைக்கோட்டைப் பழைய இடத்துக்கே நகர்த்தினார்கள். அந்த முகடு, ஐஸ் வெடிப்பு, ரெண்டு சாவடி எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன.

ஊரில் அவன் மறுபடி சூளைக்குப் போனான். மனைவி சொர்ணத்திடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கல் அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"பீடந்தான போடணும்? போடு. குலசாமிக்குப் பக்கத்துல இடம் கிடக்கு. ஆனா பிடிமண் வேணும்லா?"

ரத்தம் விழுந்த இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து, அதை அடியில் வைத்துத்தான் பீடம் கட்டவேண்டும். அந்த மண்தான் சாமி. மற்றதெல்லாம் செங்கல்.

"அந்த இடம் இப்ப அவங்க நாட்டுல இருக்கு."

"பேராவது தெரியுமா? பேரில்லாம என்னன்னு கூப்பிட?"

அதற்காக அவன் ஜெபசெல்விக்குப் போன் செய்தான். அவள் ஏற்கெனவே விசாரித்திருந்தாள்.

"அவங்க பக்கம் கேட்டாச்சு, பலவேசம். அந்தத் தேதியில அந்தச் சாவடியில யாரும் சாகல்லன்னு சொல்லுதாங்க. அப்படி ஒரு ஆளே இல்லையாம்."

சூளைக்கு வெளியே ரோட்டில் ஒலிபெருக்கி வைத்த பட்டாள வண்டி வந்து நின்றது. அனுபவம் தேவையில்லை, குறுகிய கால வேலை, நல்ல சம்பளம் என்றது. மண் மிதித்துக்கொண்டிருந்தவர்கள் காலைக் கழுவாமலே ஓடினார்கள். பலவேசம் போனைக் கையில் பிடித்தபடியே குறுக்கே போய் நின்று சொல்லிப் பார்த்தான். "நீ போய்ச் சம்பாரிச்சுட்டு வந்துட்ட, எங்களப் போகாதங்கியா?" என்றான் ஒருவன். பலவேசத்தின் கையிலும் சூளை மண்தான் இருந்தது.

"கேக்குதா?" என்றாள் ஜெபசெல்வி போனில். "என்ன சத்தம் அங்க?"

"வேற எல்லைக்கு ஆள் எடுக்காவ."

அவள் டாக்டர் குரலில் கேட்டாள்: "இப்பவும் நிக்கானா?"

"இல்ல மேடம். மழைக்கு முன்னாலயே போயிட்டான். இப்ப ஒருத்தரும் இல்ல."

"தகட்டோட வேகம் தீந்துபோச்சு. அவ்வளவுதான். இனி உங்களை யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. நீங்க யாருக்கும் ஒண்ணும் செய்யவேண்டிய கட்டாயம் இல்ல. நிம்மதியா இருங்க."

"கேக்க ஆளில்லன்னா குடுக்க வேண்டாமா மேடம்?"

போனை வைத்துவிட்டான். அந்த வருடக் கொடையில் குலசாமிக்குப் பொங்கல் வைத்தார்கள், கிடா வெட்டினார்கள். பக்கத்து இடம் காலியாகக் கிடந்தது. பலவேசம் அங்கே செங்கல் கொண்டுபோய் இறக்கிவைத்திருந்தான். அடியில் வைக்க மண் இல்லாததால் அடுக்கவில்லை. கூப்பிடப் பேர் இல்லாததால் கூப்பிடவில்லை.

கையைத் தூக்கிய ஒரு மனிதனுக்கு அவன் ஒரு பீடமும், ஒரு பேரும், ஒரு தம்ளர் டீயும் தரவேண்டும். இன்னும் தரவில்லை.